முதல் லேனில் ஓடியவன்

முகிலா,

இந்தக் கடிதத்தை நான்காவது முறையாகத் தொடங்குகிறேன். முதல் மூன்றும் கிழிந்து குப்பைக் கூடையில் கிடக்கின்றன. "அன்புள்ள மகனுக்கு" என்று ஆரம்பித்தால் யாரோ தூரத்துச் சொந்தத்துக்கு எழுதுவது போல இருக்கிறது. "டேய்" என்று ஆரம்பித்தால் நாலாவது வரியில் திட்ட ஆரம்பித்துவிடுகிறேன். நீ உடல்தகுதிச் சான்றிதழ் வாங்க ஆவடிக்குப் போயிருக்கிறாய். வர எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். அப்பா ஹாலில் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அதைப் படிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "இன்னும் எத்தனை தடவைதான் பால்கனிக்கும் அடுப்படிக்கும் நடப்ப? முட்டி வலின்னு தைலம் தேய்ச்சது யாரு?" என்று இப்போதுதான் கேட்டார். என்னால் உட்கார முடியவில்லை. முப்பது வருஷமாக மைதானத்தில் நின்று பழகிய கால்கள், ஒரு உண்மையைச் சொல்ல உட்காரு என்றால் உட்கார மறுக்கின்றன.

போன மாதம் நீ வேலையிலிருந்து வந்து, ஷூவைக் கழற்றாமலே, "அம்மா, பேப்பர் போட்டுட்டேன்" என்றாய். எந்தப் பேப்பர் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த பேப்பர் செமஸ்டர் பேப்பர்தான். ராஜினாமா என்று புரிந்தபோது அடுப்பில் தோசை கருகிவிட்டது. அடுத்து நீ சொன்னது அதைவிடப் பெரிய இடி. "பி.பி.எட். சேரப் போறேன். சீட் கிடைச்சிடுச்சு. வெளியூர்தான், ஹாஸ்டல்." உடற்கல்வி ஆசிரியருக்கான படிப்பு! அதையே வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தவள் உன் அம்மா. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், நியாயமாக. நான் என்ன செய்தேன்? வீடு இரண்டுபடக் கத்தினேன். "அம்பத்தூர் எஸ்டேட்ல ஏசி ரூம்ல உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு வெயில்ல நின்னு விசில் ஊதணும்னு என்னடா தலையெழுத்து?" என்றேன். இருபத்தெட்டு வயதில் இருபத்தோரு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்பாயா என்றேன். பெண் பார்க்கிற நேரத்தில் இப்படிச் செய்கிறாயே என்றும் சொன்னேன். கேட்டதெல்லாம் ஊரார் கேட்கிற கேள்விகள். என் கேள்வி அதில் ஒன்றுகூட இல்லை.

நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, பீரோவிலிருந்து உன் பழைய ஃபைலை எடுத்து வந்து காட்டினாய். சேர்க்கைக்கு விளையாட்டுச் சான்றிதழ் ஒன்றாவது வேண்டும் என்றார்களாம். உன்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. குறுவட்ட விளையாட்டுப் போட்டி, இருநூறு மீட்டர், மூன்றாம் இடம். "பார்த்தியாம்மா, இதுவாவது யூஸ் ஆச்சு" என்று சிரித்தாய். அந்தக் காகிதத்தை உன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். தலை சுற்றுகிறது என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அதற்கு மறுநாள் நீ கேட்டாய்: "உன்னோட மார்க்கிங் நோட்டைக் குடும்மா, அங்க எனக்கு உதவும்." மைதானத்தில் ஓடுதளக் கோடு போடும் கணக்கெல்லாம் எழுதி வைத்திருக்கிற பழுப்பு அட்டை நோட்டு. எங்கே வைத்தேனோ தெரியவில்லை என்று சொன்னேன். பொய். அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். நீ பரண் முழுக்கத் தேடினாய். நானும் கூட நின்று தேடுகிற மாதிரி நடித்தேன். அந்த நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது முகிலா. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு வரும் முன் நீ போகிற இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நேரே விஷயத்துக்கு வர எனக்குத் தைரியம் போதவில்லை, அதுதான் நிஜம். முதல் வாரம் வெயிலில் நிற்க வைப்பார்கள். எல்லோரும் உன்னை அண்ணா என்பார்கள். பாதிப் பேர் போலீஸ் தேர்வில் உயரம் ஒரு சென்டிமீட்டர் குறைந்து திரும்பி வந்தவர்களாக இருப்பார்கள். ஒருத்தர் ரெண்டு பேர் நிஜமாகவே வாத்தியார் ஆக வந்திருப்பார்கள். அவர்களோடு சேர். கட்டளை கொடுக்கக் கற்றுத் தருவார்கள். "ரைட்" என்று சொல்லி ஒரு மூச்சு விட வேண்டும், அதற்கப்புறம்தான் "டர்ன்". அந்த ஒரு மூச்சில்தான் பிள்ளை தயாராகிறான். அதை விழுங்கிவிட்டு "ரைட்டர்ன்" என்று கத்துகிறவன் வாத்தியார் இல்லை, கண்டக்டர். இதை ஆயிரம் பேருக்குச் சொன்னவள், வீட்டில் உனக்கு ஒரு நாளாவது அந்த மூச்சை விட்டேனா? எழுந்திரு, குளி, சாப்பிடு, ஓடு. எல்லாம் ஒரே மூச்சில்தான்.

பிறகு உங்களைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்க அனுப்புவார்கள். நீ பாடம் நடத்துவாய். என்னைப் போல ஒருத்தி வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உன் ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையில் குறை எழுதுவாள். என் சிவப்பு மையில் அதிகம் எழுதப்பட்ட வார்த்தை எது தெரியுமா? "போதாது." குரல் போதாது. கட்டுப்பாடு போதாது. சுறுசுறுப்பு போதாது. பூந்தமல்லியிலிருந்து நசீமா என்று ஒரு மாணவி வந்தாள். அப்பா அங்கே தையல் கடை வைத்திருந்தார். வீட்டில் சண்டை போட்டு இந்தப் படிப்புக்கு வந்தவள். மெலிந்த குரல். மூன்று வகுப்பிலும் நான் அவளுக்கு "குரல் போதாது" என்று எழுதினேன். நாலாவது வகுப்பில் அவள் கத்தவே இல்லை. இரண்டு தடவை கையைத் தட்டிவிட்டு, பிள்ளைகள் அருகில் போய் முட்டி போட்டு உட்கார்ந்து மெல்லப் பேசினாள். நாற்பது பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். நான் அன்றைக்கும் "குரல் போதாது" என்றுதான் எழுதினேன். கை பழகிவிட்டது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பயப்படாதே, நீ படித்த இன்ஜினியரிங் கணக்குக்கு இது தூசு. ஒரு சுற்று ஓட்டத்தில் வெளி லேனில் ஓடுகிறவனுக்கு வட்டம் பெரிது. அதனால் அவனைக் கொஞ்சம் முன்னால் நிறுத்த வேண்டும். எவ்வளவு முன்னால் என்பதுதான் எங்கள் தொழிலின் உயிர்க் கணக்கு. உள்விளிம்பில் செங்கலோ கட்டையோ பதித்த மைதானத்தில் முதல் லேன்காரன் அதில் இடித்துக்கொள்ளாமல் தள்ளித்தான் ஓடுவான். அதனால் அவன் பாதையை விளிம்பிலிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளி அளப்போம். மற்ற லேன்களுக்கு வெறும் சுண்ணாம்புக் கோடுதான், இருபது போதும். அந்தப் பத்து சென்டிமீட்டர் வித்தியாசத்தைக் கழித்துவிட்டு இரண்டாம் லேன்காரனை ஏழு மீட்டர் நாலு சென்டிமீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும். கழிக்க மறந்தால் அது ஏழு மீட்டர் அறுபத்தேழு ஆகிவிடும். பத்து சென்டிமீட்டர் மறதி, ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் அறுபத்து மூன்றாக வளர்ந்து நிற்கும். மூன்றாம் லேன், நாலாம் லேன், எல்லோருக்கும் அதே அறுபத்து மூன்று கூடுதல் சலுகை. முதல் லேன்காரனுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. இதை ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடு போட்டு, "இதுல தப்பு பண்றவன் என் கிளாஸ்ல பாஸ் ஆக முடியாது" என்று சொல்கிறவள் நான்.

நீ பத்தாவது படித்த வருஷம் அந்தக் குறுவட்டப் போட்டி ஆவடிப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது; ஒரு சுற்றே இருநூறு மீட்டர் வருகிற சின்ன மைதானம். கோடு போடுவது, நடுவர் வேலை எல்லாம் எங்கள் கல்லூரி மாணவர்கள். பொறுப்பு நான். முதல் நாள் பெய்த மழையில் போட்ட கோடெல்லாம் கரைந்துவிட்டது. காலையில் வந்து மறுபடி போட வேண்டிய அவசரம். மைதானத்தில் கோடு போடும் எங்கள் மார்க்கர் ஏழுமலை டேப்பைப் பிடித்துக்கொண்டு, "அளவு சொல்லுங்க மேடம்" என்றார். நசீமா அளவு அட்டையை நீட்டினாள். நான் வாங்கவில்லை. "பதினெட்டு வருஷமா போடறேன், எனக்கு அட்டை எதுக்கு?" என்றேன். மனப்பாடமாகச் சொன்னேன்: இரண்டாம் லேன் ஏழு அறுபத்தேழு. அது எங்கள் கல்லூரி மைதானத்து அளவு முகிலா. செந்நீர்குப்பம் பக்கத்தில் இருக்கிற எங்கள் மைதானத்துக்கு விளிம்பில் கட்டை கிடையாது, சுண்ணாம்புக் கோடுதான். அங்கே கழிக்க எதுவும் இல்லை. அந்தப் பள்ளி மைதானத்தில் உள்விளிம்பு முழுக்கச் செங்கல் பதித்து வெள்ளை அடித்திருந்தார்கள். நான் அந்தச் செங்கல் மேல் கால் வைத்து நின்றுகொண்டுதான் அளவு சொன்னேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானைக்குச் சறுக்கினால் அதற்குத்தான் அடி. எனக்குச் சறுக்கியதில் அடிபட்டது நீ.

சீட்டுக் குலுக்கலில் உனக்கு முதல் லேன் வந்தது. முகத்தைச் சுளித்தாய். "முதல் லேன்ல இருக்கிறவனுக்கு எல்லாரும் கண்ணு முன்னால தெரிவாங்க. துரத்திப் பிடி" என்று சொல்லிவிட்டு, மகன் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்று தள்ளிப் போய் நின்றுகொண்டேன். நீ துரத்தினாய். அப்படி ஒரு ஓட்டத்தை நான் உன்னிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. கடைசி வளைவில் மூன்று பேரைத் தாண்டினாய். முதலில் வந்தவன் தெளிவாக முன்னால். இரண்டாவது வந்த பையனும் நீயும் நெஞ்சை நீட்டிக்கொண்டு விழுந்தீர்கள். ஒரு சாண் வித்தியாசம். முதல் இரண்டு பேருக்குத்தான் மாவட்டப் போட்டி. நீ எழுந்து என்னைப் பார்த்தாய். நான் வேறு பக்கம் பார்த்தேன், நடுவர் ஆயிற்றே.

மதியம், ஒவ்வொரு லேனும் தொடங்கும் இடத்தில் அடையாளத்துக்கு அடித்த ஆணிகளைப் பிடுங்கி எண்ணிக்கொண்டிருந்தபோது நசீமா அருகில் வந்தாள். அவளுடைய மெல்லிய குரலில், "மேம், ரெண்டாவது லேன் ஏழு பாயிண்ட் ஜீரோ ஃபோர் தானே வரணும்? செங்கல் கீதே மேம் இங்க. ஆணி ஏழு அறுவத்தேழுல கீது" என்றாள். நான் டேப்பை வாங்கி அளந்தேன். ஏழு அறுபத்தேழு. அந்த ஒரு நிமிஷம் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து ஓடிய ஒரு சுற்று ஓட்டம் எல்லாம் தப்பு. நீ தோற்கவில்லை, நான் உன்னைத் தோற்கடித்துவிட்டேன். சான்றிதழ்கள் இன்னும் மேஜை மேல்தான் இருந்தன, கையெழுத்துகூட முடியவில்லை. வாயைத் திறந்திருந்தால் போதும், எல்லா ஓட்டத்தையும் மறுபடி வைத்திருக்கலாம். நான் நசீமாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "கணக்கு எனக்குச் சொல்லித் தரியா? ஆணியை எண்ணு, ஒண்ணு குறைஞ்சாலும் உன்கிட்டதான் கேட்பேன்." அவள் தலையைக் குனிந்துகொண்டு எண்ண ஆரம்பித்தாள்.

ஏன் சொல்லவில்லை என்று பன்னிரண்டு வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மகன் தோற்றதும் அம்மா குறை கண்டுபிடிக்கிறாள் என்பார்களே என்று நினைத்தேன். வெளியில் சொல்ல லட்சணமான காரணம்தான். நிஜக் காரணம் வேறு. மாணவர்கள் முன்னால், ஏழுமலை முன்னால், பத்துப் பள்ளிக்கூட வாத்தியார்கள் முன்னால், எனக்கு என் கணக்கே தப்பிவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாய். உதட்டைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாய். "எங்கேம்மா விட்டேன்?" என்று கேட்டாய். எவ்வளவு நல்ல கேள்வி! ஓடுகிறவன் கேட்க வேண்டிய கேள்வி. நான் முகத்தைக்கூடத் திருப்பாமல் சொன்னேன்: "கடைசி அம்பது மீட்டர்ல உனக்குத் தம் பத்தலடா." தப்பு தெரிந்த பிறகு சொன்னேன் முகிலா. தெரியாமல் இல்லை, தெரிந்த பிறகு. என் தப்பை இறக்கி வைக்க ஒரு இடம் தேவைப்பட்டது. பக்கத்தில் நீ இருந்தாய்.

அடுத்த வாரம் நீ மைதானத்துக்குப் போகவில்லை. ஓடுகிற ஸ்பைக்ஸ் ஷூவைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாய். பப்ளிக் பரீட்சை வருகிறது, அதுவும் நல்லதுதான் என்று அப்பாவிடம் சொன்னேன். நான் சொன்ன "தம் பத்தல" என்ற வார்த்தை மட்டும் பரணில் ஏறவில்லை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு, "பெரிய காலேஜ்லாம் வேணாம்மா, எனக்கு அவ்ளோ தம் இல்ல" என்றாய். ஆபீசில் வெளிநாடு போகும் வாய்ப்பு வந்தபோது அதையே சொன்னாய். உனக்குப் பிடித்திருந்த அந்தப் பெண்ணின் வீட்டில் போய்ப் பேச வேண்டிய சமயத்திலும் அதே. "எனக்குத்தான் கடைசில தம் பத்தாதே, உனக்குத் தெரியாதா?" என்று என்னிடமே கேட்டுச் சிரித்தாய். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய் எதையாவது கழுவினேன். உன் அப்பா ஒரு தடவை, "கழுவின பாத்திரத்தையே எத்தனை தடவை கழுவுவ?" என்று கேட்டார். அவருக்கும் இன்று வரை தெரியாது.

போன மாதம், நீ பேப்பர் போட்ட அதே வாரம், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நசீமாவைப் பார்த்தேன். மெட்ரோ வேலைப் புழுதியில் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு நின்றவள், என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். கழுத்தில் விசில். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. அவள் பிள்ளைகள் மாவட்டம் வரை போகிறார்களாம். குரல் அப்படியேதான் இருந்தது. பேச்சுவாக்கில் சொன்னாள்: "மேம், கோடு போட்டா நான் ரெண்டு வாட்டி அளப்பேன். அப்பால பசங்கள்ல ஒருத்தனக் கூப்ட்டு அவன் கையாலயும் அளக்கச் சொல்வேன். தப்பிருந்தா அவனே சொல்ட்டும்னு." பிறகு மெல்லச் சொன்னாள்: "அன்னிக்கு நான் இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கணும் மேம்." அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள், கேட்டாயா! தப்பு செய்தவள் நான், குற்ற உணர்ச்சி அவளுக்கு. நான் என்ன சொன்னேன்? ஆவடி பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் நீயும் சொன்னாய். நான் கத்தி ஓய்ந்த பிறகு, ஏன்டா இந்தப் படிப்பு என்று கேட்டேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னது எனக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "ஜெயிக்கிற பசங்களுக்கு எல்லாரும் இருக்காங்கம்மா. என்ன மாதிரி தம் பத்தாத பசங்களுக்கு ஒரு சார் வேணாமா? நான் போய் அவங்க பக்கத்துல நிக்கிறேன்." நீ உன் வாழ்க்கையைத் திருப்பிப் போடுகிற காரணமே நான் சொன்ன ஒரு பொய்தான். சொன்னால் உன் காரணம் உடைந்துபோகுமே என்று பயம். சொல்லாவிட்டால் இரண்டாம் மாதம் ஓடுதள வகுப்பில் யாரோ ஒருவர் "முப்பது, இருபது" என்று கரும்பலகையில் எழுதும்போது, அந்தச் செங்கல் விளிம்பு உனக்கு ஞாபகம் வந்து, நீயே கண்டுபிடித்துவிடுவாய் என்று அதைவிடப் பெரிய பயம். அதற்காகத்தான் கத்தினேன். உன் வெயிலுக்காக இல்லை, உன் கல்யாணத்துக்காக இல்லை. மாட்டிக்கொள்வேன் என்று கத்தினேன்.

குக்கர் மூன்று விசில் அடித்துவிட்டது, அப்பா அணைத்துவிட்டார். நீ வருவதற்குள் முடிக்க வேண்டும். இன்று காலை நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு நான் கல்லூரி மைதானத்துக்குப் போனேன். ஞாயிறு விடுமுறையை முன்னிட்டு நேற்றே எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள், ஏழுமலை மட்டும் இருந்தார். "இன்னா மேடம், லீவு நாள்ல டேப்பு இன்னாத்துக்கு?" என்றார். ஒரு கயிறு அளந்து வெட்ட வேண்டும் என்றேன். "எங்கைல சொன்னா நான் வெட்டித் தர மாட்டேனா? உங்க கணக்கு ஒரு நாளாவது தப்பிக்கீதா மேடம், இன்னொரு வாட்டி அளக்கறீங்க?" என்று சிரித்தார். தப்பியிருக்கிறது ஏழுமலை, ஒரு தடவை, என்றேன். இதைச் சொல்லும்போது குரல் போதவில்லை எனக்கு. அவருக்குக் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியாது. ஆனாலும் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தேன்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு இனி யோக்கியதை இல்லை. இருந்தாலும் அம்மா ஆயிற்றே, சும்மா இருக்க முடியாது. நீ வேலைக்குச் சேர்ந்த பிறகு கணக்கு டீச்சர் வந்து "சிலபஸ் முடியல சார், உங்க பீரியடைக் கொஞ்சம் குடுங்க" என்பார். சிரித்துக்கொண்டே கொடுக்காதே. மரத்தடியில் வயிற்றுவலி என்று உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் காரணம் கேட்காதே, ஸ்கோர் எழுதக் கூப்பிடு. தானே எழுந்து வரும். அளவு அட்டையைப் பார்க்க வெட்கப்படாதே. தப்பு செய்தால் அன்றைக்கே, அந்தப் பிள்ளைகள் முன்னாலேயே, விசில் ஊதி நிறுத்திச் சொல். ஒரு நாள் தள்ளினால் மறுநாள் இன்னும் கஷ்டம். பன்னிரண்டு வருஷம் தள்ளினால் இப்படி அரிசி டின்னுக்குப் பின்னால் நோட்டை ஒளிக்க வேண்டி வரும். எந்தப் பிள்ளையிடமும், தோற்று வந்து நிற்கிற அந்த நேரத்தில், "உனக்குப் பத்தல" என்று சொல்லாதே. முதலில் மைதானத்தை அளந்து பார்.

இன்னொன்று என்னைத் தூங்க விடாமல் அடிக்கிறது. அன்றைக்கு முதல் லேனில் ஓடியது நீ மட்டும் இல்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு பிள்ளை முதல் லேனில் ஓடியது. யார் யாரோ, எந்தெந்தப் பள்ளியோ. அவர்கள் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்? அவர்களில் எத்தனை பேர் ஷூவைப் பரணில் போட்டார்கள்? அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது, தேடிப் போகவும் வழியில்லை. திங்கட்கிழமை வகுப்பில் அந்தத் தப்பான கணக்கைக் கரும்பலகையில் எழுதி, இது நான் செய்தது என்று மாணவர்களிடம் சொல்லப் போகிறேன். இந்த டிசம்பரில் ஓய்வு பெறுகிறேன். நல்ல பெயரோடு போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன். போகட்டும். ஆனால் உன்னிடம் சொல்லாமல் அவர்களிடம் சொல்வது நியாயம் இல்லை. நசீமாவுக்கு இன்று சாயங்காலம் போன் செய்வேன்.

நீ அந்தப் படிப்புக்குப் போக வேண்டாம் என்று நினைத்தால் போகாதே. போனால், தம் இல்லாதவன் என்ற காரணத்தோடு போகாதே. வேறு காரணம் தேடிக்கொள். என் மேல் கோபப்படு, பேசாமல் இரு, ஹாஸ்டலில் என் போனை எடுக்காமல் இரு. எத்தனை நாள் ஆனாலும் சரி, நான் காத்திருக்கிறேன். சீக்கிரம் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே. நீ அப்படிச் சொல்லக்கூடியவன் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கிறேன்.

நோட்டை உன் பையில், சட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த மைதானத்தில் போட்ட அளவு என் கையெழுத்திலேயே இருக்கிறது: இரண்டாம் லேன், ஏழு அறுபத்தேழு. அதற்குள் ஒரு வெள்ளைக் கயிறு இருக்கும். காலையில் நான் வெட்டியது, சரியாக அறுபத்து மூன்று சென்டிமீட்டர். இரண்டு தடவை அளந்தேன். அதை எடுத்துத் தரையில் நீட்டு. அதன் மேல் உன் கையை வைத்துச் சாண் போட்டுப் பார். நீ தோற்றது ஒரு சாண். கயிறு இரண்டு சாணுக்கு மேலே போகும். உன்னோடு ஓடிய மற்ற ஐந்து பேரையும் நான் இந்தக் கயிறு நீளம் முன்னால் நிறுத்திவிட்டேன். அந்த ஓட்டத்தில் முழு இருநூறு மீட்டரும் ஓடியவன் நீ ஒருவன்தான் முகிலா.

அம்மா